கர்வ் எடுக்கவா, எர்டிகா எடுக்கவா? பின்னாடி யாரு உக்காருவாங்கன்னு சொல்லுங்க முதல்ல

8 செப்டம்பர் 2024

தெரியாதவங்களுக்கு: கர்வ் டாடாவோட அஞ்சு சீட்டு கூபே எஸ்யூவி, அதாவது கூரை பின்பக்கமா சரிஞ்சு இறங்குற வண்டி. எர்டிகா மாருதியோட ஏழு சீட்டர். சேலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டது, அப்படியே போடுறேன்:

"அண்ணே, டாடா கர்வ் ஷோரூம்ல பாத்தேன், கண்ணை எடுக்க முடியல. வீட்ல எர்டிகா தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நாங்க ரெண்டு பேரு, பொண்ணுக்கு ஒன்பது வயசு, அப்பா அம்மா கூடவே இருக்காங்க. லீவுக்கு தங்கச்சி குடும்பம் வரும். ஆன்ரோடு பதிமூணு லட்சத்துக்குள்ள முடிக்கணும். கூபேல்லாம் கல்யாணம் ஆகாத பயலுக்குத்தான்னு மாமனார் வேற நக்கல். என்ன பண்ணட்டும்?"

8 செப்டம்பர், ராத்திரி

தம்பி, வண்டியை விடு. சாதாரண செவ்வாய்க்கிழமை உன் வண்டியில யாரு இருப்பா? நீ, ஸ்கூல் பை, பொண்ணு. சனி ஞாயிறு அஞ்சு பேரு. ஏழு பேரு எப்போ? தங்கச்சி வந்தா. அது வருஷத்துக்கு எத்தனை வாட்டின்னு வீட்ல உக்காந்து நிஜமா எண்ணிட்டு வா, "அடிக்கடி வருவாங்க"ன்னு சொல்லாத, எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்.

10 செப்டம்பர்

என் கதையைச் சொல்றேன். நான் மடிப்பாக்கத்துல இருக்கேன், ஊரு விருதுநகர் பக்கம். பொண்ணு சின்னதா இருந்தப்போ ஏழு சீட்டர் எடுத்தேன், இன்னும் அதுதான் ஓடுது. எடுக்கும்போது மனசுல இருந்த படம் என்னன்னா அம்மா அப்பா மச்சான் குடும்பம் எல்லாரும் ஒரே வண்டியில குலதெய்வம் கோயிலுக்குப் போறது, பொங்கல் பானை, தேங்கா மூட்டை, வாழை இலை கட்டு எல்லாம் பின்னாடி. நடந்தது என்னன்னா ஏழு பேரு ஏறினதும் பின்னாடி பானை வைக்கவே இடமில்ல, பானை மச்சான் மடியில வந்துச்சு, இலைக்கட்டு கால் கீழ.

கம்பெனி நம்பரே பாருங்க, எர்டிகாவுல மூணு வரிசையும் நிமிந்து நின்னா டிக்கி 209 லிட்டர். மூணாவது வரிசையை மடக்கினா 550. கியாவோட ஏழு சீட்டர் கேரென்ஸ் கொஞ்சம் நீளமான வண்டி, 4540 மி.மீ, அதுலயும் ஏழு பேரு உக்காந்தா 216 லிட்டர் தான். கர்வ் டிக்கி 500, அதே மாதிரி கூபே எஸ்யூவியான சிட்ரோயன் பசால்ட் 470. அதாவது அஞ்சு பேரும் அஞ்சு பேரோட பையும்னு வந்தா "ஸ்டைல் வண்டி"யும் "குடும்ப வண்டி"யும் கிட்டத்தட்ட ஒரே இடம் தருது. ஏழு பேரும் ஏழு பேரோட பையும்னா குடும்ப வண்டியும் கையை விரிச்சிடும், மேல கேரியர் போட்டு தார்பாய் கட்டணும். இதை யாரும் ஷோரூம்ல சொல்ல மாட்டாங்க, அங்க எப்பவும் மூணாவது சீட்டை மடக்கி வச்சுத்தான் டிக்கியைத் திறந்து காட்டுவாங்க, கவனிச்சுப் பாருங்க.

என் வண்டியில மூணாவது வரிசை வீட்டுப் பரண் மாதிரி ஆயிடுச்சு. குடை, பழைய பெட்ஷீட், பேட்மின்டன் பேட், எப்பவோ கொடுக்க வேண்டிய கல்யாணப் பை.

15 செப்டம்பர்

ஒருத்தர் கோவமா எழுதியிருக்கார், நாலு கதவு வச்சா அது கூபேயே இல்ல, கூபேன்னா ரெண்டு கதவுதான்னு. சரி ஐயா, பழைய கணக்குப்படி சரிதான். 2016ல இங்க விக்க ஆரம்பிச்ச ஃபோர்டு மஸ்டாங் மாதிரி, ரெண்டு கதவு, பின்சீட்ல பை வைக்கலாம், மாமியாரை வைக்க முடியாது. ஆனா மெர்சிடிஸ் 2004லயே சிஎல்எஸ்னு நாலு கதவு போட்டு கூபேன்னு வித்துட்டான், 2008ல பிஎம்டபிள்யூ எக்ஸ்6 வந்து எஸ்யூவிக்கே முதுகை சாய்ச்சு விட்டுது. அந்த முதுகுதான் இப்போ பத்து லட்ச ரூபாய்க்கு இறங்கி வந்திருக்கு. தம்பி பட்ஜெட் பதிமூணு. மஸ்டாங் பேசி பிரயோஜனம் இல்ல.

அப்புறம் பசால்ட் நம்ம திருவள்ளூர் ஃபேக்டரியில செய்யுறது. அதுக்காக வாங்கணும்னு சொல்லல. தோனி விளம்பரத்துல வர்றாருங்கறதுக்காக வாங்கப் போறேன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், அவருக்கு நான் பதில் சொல்லல.

22 செப்டம்பர்

இன்னிக்கு அப்பாவைக் கூட்டிட்டு ரெண்டு ஷோரூம் போனேன். எனக்கும் வண்டி மாத்துற யோசனை இருக்கு, அதான்.

அப்பாவுக்கு முட்டி வலி. செடான்னா கீழ இறங்கி உக்காரணும், எந்திரிக்கும்போது கதவைப் பிடிச்சு "முருகா"ன்னு ஒரு சத்தம் வரும். இந்த கூபே எஸ்யூவில சீட் உயரம் சரியா இடுப்புக்கு வருது, உக்காந்து காலை உள்ள திருப்பினா போதும், முட்டிக்கு நல்லது. ஆனா தலைக்கு ஆகாது. பின்கதவு மேல் விளிம்பு பின்பக்கமா சரிஞ்சு இறங்குது இல்லையா, ஏறும்போது தலையைக் குனியணும், வயசானவங்க குனிஞ்சு ஏறிப் பழகினவங்க இல்ல. அப்பா முதல்ல இடிச்சுக்கிட்டார். ரெண்டாவது ஷோரூம்ல தானா குனிஞ்சுட்டார்.

உள்ள உக்காந்தப்புறம் அப்பாவுக்குப் பிரச்னை இல்ல, அவர் உயரம் கம்மி. எனக்குத்தான் பிரச்னை, பின்சீட்ல நிமிந்து உக்காந்தா முடி ரூஃபைத் தொடுது. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு: சன்ரூஃப் இருக்கற வேரியன்ட்ல சன்ரூஃப் சட்டம் கொஞ்சம் உயரத்தைத் தின்னுடும். அதனால நீங்க வாங்கப் போற அதே வேரியன்ட்ல உக்காந்து பாருங்க, டிஸ்ப்ளேக்கு நிக்குற வண்டியில உக்காந்துட்டு வந்து முடிவு பண்ணாதீங்க. பசால்ட்ல சன்ரூஃபே கிடையாது, பலபேர் அதைக் குறைன்னு சொல்றாங்க, எனக்கு அது தலைக்குக் கிடைச்ச இடமாத்தான் தெரியுது.

இன்னொண்ணு. கர்வ் டாடாவோட சின்ன எஸ்யூவி நெக்ஸானை விட 313 மி.மீ நீளம், ஆனா முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல கூடினது 62 மி.மீ மட்டும், 2498ல இருந்து 2560. அதாவது கூடுதல் நீளத்துல பெரும்பகுதி வாலுக்குப் போயிடுச்சு, டிக்கிக்கு. காலுக்கு இல்ல. பசால்ட்ல அந்த அளவு 2651, பின்னாடி கால் நீட்டுறதுக்கு அதுல தாராளம், டாப் வேரியன்ட்ல தொடை தாங்குற குஷனை 87 மி.மீ வரைக்கும் முன்ன நகத்தி வச்சுக்கலாம். அப்பா அதை நகத்தி நகத்தி விளையாடிட்டு இருந்தார், சேல்ஸ் பையன் சிரிச்சான்.

ஸ்டைலுக்கு விழுந்தவன் கர்வ் பக்கம் போவான், பின்சீட்ல அப்பா அம்மாவை உக்கார வைக்கிறவன் பசால்ட்ல ஒரு தடவை உக்காந்து பாக்கணும். ரெண்டும் கூபே தான், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல.

23 செப்டம்பர்

ஏழு சீட்டர்ல யாரும் சொல்லாத ஒரு குறை. மதுரையில ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல நிறுத்தினேன், வெள்ளை கலர் வண்டி, நான் வெள்ளை சட்டை. ஒரு பெரியவர் வந்து "டிரைவர் தம்பி, திருமங்கலத்துக்கு எவ்ளோ வாங்குவீங்க?" ஓன் போர்டுங்க, டாக்ஸி இல்லன்னு சொன்னேன். "பரவால்ல, அதுலயும் ஓட்டுறாங்களே"ன்னார். மனைவி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறா. எர்டிகா எடுத்தா தயவுசெஞ்சு வெள்ளை எடுக்காதீங்க.

29 செப்டம்பர்

"ஏன் நேரா கிரெட்டா எடுக்கக்கூடாது, சதுரமா இருக்கே, கூபேயும் வேணாம் ஏழு சீட்டும் வேணாம்"னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி. டிக்கி 433 லிட்டர், கர்வை விடக் கம்மியாத்தான் தெரியும். ஆனா இந்த லிட்டர் கணக்குல ஒரு விஷயம் இருக்கு, பொதுவா டிக்கியை மூடுற தட்டு வரைக்கும்தான் அளக்குறாங்க. கூபே நஷ்டம் எல்லாம் அந்தத் தட்டுக்கு மேல. சூட்கேஸ் அடுக்கினா எதுலயும் ஒண்ணுதான், நிமிந்து நிக்குற சாமான் வந்தாத்தான் வித்தியாசம் தெரியும், சரிஞ்ச கண்ணாடி இடிக்கும்.

நவராத்திரி வருது, எங்க வீட்டு கொலுப்படி ஸ்டீல் ரேக், அக்கா வீட்ல இருந்து எடுத்துட்டு வரணும். என் வண்டியில சீட்டை எல்லாம் மடக்கினா படுத்துக்கிட்டே உள்ள போயிடும். கூபேல போகுமா? போகும், கர்வ்லயும் பசால்ட்லயும் டிக்கி கதவு கண்ணாடியோட சேந்தே மேல தூக்குறதால வாய் பெருசு, நீளமான சாமான் போயிடும். பிரிட்ஜை நிமித்தி வைக்க முடியாது. வருஷத்துக்கு எத்தனை பிரிட்ஜ் தூக்கப் போறீங்க?

6 அக்டோபர்

சேலம் தம்பிக்கு இது முக்கியம், பட்ஜெட்டைப் பாத்து எழுதுறேன்.

தமிழ்நாட்டுல போன வருஷம் நவம்பர்ல இருந்து ரோடு டாக்ஸ் ஏறிடுச்சு. அஞ்சு லட்சத்துல இருந்து பத்து லட்சம் வரைக்கும் வண்டி விலையில 13 சதவீதம், பத்துல இருந்து இருபது வரைக்கும் 18 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டின அந்தக் கொசுறுக்கு மட்டும் இல்ல, மொத்த விலைக்கும் 18. அதான் கம்பெனிக்காரன் 9.99ன்னு ஒரு வேரியன்ட் வைக்கிறான்.

கர்வ் பெட்ரோல் அறிமுக விலை ஸ்மார்ட் 9.99 லட்சம், அதுக்கு டாக்ஸ் கிட்டத்தட்ட 1.30. அடுத்தது ப்யூர் ப்ளஸ் 10.99, அதுக்கு டாக்ஸ் 1.98. ஷோரூம் போர்டுல வித்தியாசம் ஒரு லட்சம், உங்க பாக்கெட்ல 1 லட்சத்து 68 ஆயிரம், இன்சூரன்ஸ் தனி. ஆனா நீ கண்ணை எடுக்க முடியாம பாத்த வண்டி ஸ்மார்ட்டா இருக்காது தம்பி, அது டாப் வேரியன்ட், அது பதிமூணுக்குள்ள வராது. ஸ்டைல் வண்டியில அடி வேரியன்ட் வாங்குறதுல ஒரு சோகம் இருக்கு, மேல் வேரியன்ட்காரன் சிக்னல்ல பக்கத்துல வந்து நிப்பான், அவன் வீல் மினுங்கும்.

எர்டிகா 8.69ல ஆரம்பிக்குது. எர்டிகாவுல அடி வேரியன்ட் எடுத்தா யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டாங்க, கேக்கவும் மாட்டாங்க. இது கிண்டல் இல்ல, இதுவும் ஒரு வசதி.

சிஎன்ஜி பத்திக் கேட்டவருக்கு: எர்டிகா சிஎன்ஜி கிலோவுக்கு 26.11 கி.மீன்னு கம்பெனி கணக்கு, ஓட்டம் நிறைய இருந்தா லாபம், ஆனா சிலிண்டர் டிக்கியில உக்காந்துக்கும், ஏற்கனவே சொன்ன 209 லிட்டர் கதி என்னன்னு யோசிச்சுக்குங்க.

16 அக்டோபர்

மழை. வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரைக் கொண்டுபோய் நிறுத்திட்டாங்க, டிவில பாத்திருப்பீங்க. எங்க தெருக்காரங்க ரெண்டு பேர் வண்டியும் அங்கதான். போலீஸ் ஃபைன் போட்டாலும் இன்ஜின் செலவை விடக் கம்மின்னு கணக்கு. தரை இடைவெளி கேட்டிருந்தாங்க: கர்வ் 208 மி.மீ, எர்டிகாவும் பசால்ட்டும் 180. முட்டியளவு தண்ணி வந்தா இந்த 28 மி.மீ யாரையும் காப்பாத்தாது, ஆனா வண்டி நிறைய ஆளோட ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது காப்பாத்தும்.

கிராஷ் டெஸ்ட் ரிசல்ட்டும் இந்த வாரம் வந்துடுச்சு. பாரத் என்சிஏபிங்கற நம்ம நாட்டு டெஸ்ட்ல கர்வுக்கு அஞ்சுக்கு 5 ஸ்டார், பசால்ட்டுக்கு 4. எர்டிகாவுக்கு 2019ல குளோபல் என்சிஏபிங்கற வெளிநாட்டு அமைப்பு 3 கொடுத்துது, இந்த வருஷம் ஆப்பிரிக்காவுக்குப் போற எர்டிகாவை டெஸ்ட் பண்ணி பெரியவங்க பாதுகாப்புக்கு 1 கொடுத்துது. டெஸ்ட் முறை மாறியிருக்கு, அது வேற வண்டி வேற சந்தைன்னு வாதாடலாம், வாதாடுங்க. ஆனா "குடும்பத்துக்கு எர்டிகா, ஸ்டைலுக்கு கர்வ்"னு பேசுறவங்க கொஞ்சம் நிதானிக்கணும், குடும்பம்னா சீட்டு எண்ணிக்கை மட்டும்தானா? இந்த ஒரு விஷயம் என் மனசை நல்லாவே அஞ்சு சீட்டர் பக்கம் தள்ளிடுச்சு.

4 நவம்பர்

தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு நேத்து ராத்திரி வந்து சேந்தோம், பெருங்களத்தூர் வரும்போது விடிஞ்சுடும்போல இருந்துச்சு. இப்போ எழுதப்போறது போன நோட்டுக்கு எதிரா இருக்கும், பரவால்ல.

திரும்பும்போது அம்மாவும் அத்தையும் எங்ககூட சென்னைக்கு வர்றேன்னு கடைசி நிமிஷத்துல சொன்னாங்க. டிக்கெட் கிடையாது, பஸ் கிடையாது. அஞ்சு சீட்டரா இருந்தா "அடுத்த வாரம் வந்து கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லியிருப்பேன். பரண்ல இருந்த குடை பெட்ஷீட்டை எல்லாம் ஊர்லயே இறக்கிட்டு சீட்டை நிமித்தினேன். பசங்க ரெண்டும் பின்னாடி ஏறிக்கிச்சு, வழி நெடுக சண்டை, விக்கிரவாண்டிகிட்ட சின்னவன் வாந்தி. மூணாவது வரிசை பின்சக்கரத்து மேல இருக்கு, ஆட்டம் அங்கதான் அதிகம், ஜன்னலும் இறங்காது. ஆனா அம்மா முன்னாடி உக்காந்து முறுக்கு எடுத்து ஒவ்வொருத்தருக்கா பின்னாடி அனுப்பிக்கிட்டே வந்தாங்க, அத்தை ரெண்டாவது வரிசையில தூங்கிட்டாங்க.

அதனால சேலம் தம்பி, எண்ணிப் பாக்கச் சொன்னேன்ல, எண்ணிக்கை மட்டும் போதாது. அந்த சில தடவை வண்டியில வர்றது யாருங்கறதும் இருக்கு. வேற வண்டி பிடிச்சு வரக்கூடியவங்களா, முடியாதவங்களா? தங்கச்சி மாப்பிள்ளைன்னா பைக்ல வருவார், ஓலா பிடிப்பார். எழுபது வயசு அத்தை பிடிக்க மாட்டாங்க.

5 நவம்பர்

ஏற்காடு போறதைப் பத்திக் கேட்டிருந்தே. இருபது கொண்டை ஊசி வளைவு. எர்டிகா 1.5 பெட்ரோல், டர்போ கிடையாது, இழுவைத் திறன் (டார்க்) 137 நியூட்டன் மீட்டர். ரெண்டு பேர் போனா சந்தோஷமா ஏறும், ஏழு பேரும் ஏசியும்னா ரெண்டாவது கியர்லயே சத்தம் போட்டுட்டு ஏறும், ஏறிடும், பயப்படாத. கர்வ் அடி பெட்ரோல் சின்ன டர்போ, 170. டீசல் 260, மலைக்கு அதுதான் ராஜா, உன் பட்ஜெட்டுக்கு அது எட்டாது.

27 நவம்பர்

நேத்து சென்னையில மஹிந்திரா ரெண்டு எலக்ட்ரிக் கூபேயைத் திறந்து காட்டிட்டான், பிஇ 6இ, எக்ஸ்இவி 9இ. ஆரம்ப விலை 18.90, 21.90. எக்ஸ்இவி 9இ முதுகு நல்லாவே சரிஞ்சிருக்கு, ஆனா டிக்கி 663 லிட்டராம். வண்டி நீளம் 4789 மி.மீ. கூபேன்னா இடமில்லன்னு சொல்ற மாமனாருக்கு யாராவது இதைக் காட்டுங்க. நீளம் கொடுத்தா கூபேயிலயும் எல்லாம் கிடைக்கும், நாலே கால் மீட்டர்ல கூபே செய்யும்போதுதான் யாரோ ஒருத்தர் தலையை எடுக்க வேண்டியிருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு. எனக்குக் கட்டுப்படியாகாது. எங்க அபார்ட்மென்ட்ல சார்ஜிங் பாயின்ட் கேட்டா செக்ரட்டரி அடுத்த மீட்டிங் அடுத்த மீட்டிங்னு தள்ளிட்டே போறார், அது தனிக் கதை.

9 டிசம்பர்

6இங்கறது எங்க ஃப்ளைட் கோடுன்னு இண்டிகோ விமானக் கம்பெனி கோர்ட்டுக்குப் போய், மஹிந்திரா இப்போதைக்கு பிஇ 6ன்னு சுருக்கிட்டான். நல்லவேளை, இல்லன்னா பின்சீட்ல கால் இடிக்குதுன்னு சொன்னா "சார், அது ஃப்ளைட் சீட்டிங்"னு சொல்லியிருப்பாங்க.

19 ஜனவரி 2025

சேலம் தம்பி எழுதியிருக்கார். தங்கச்சி மாப்பிள்ளையே கேரென்ஸ் புக் பண்ணிட்டாராம், அதனால ஏழு சீட்டுப் பேச்சு வீட்ல அடங்கிடுச்சு. அவர் அம்மாவை பசால்ட்லயும் கர்வ்லயும் மாத்தி மாத்தி உக்கார வச்சுப் பாத்திருக்கார், அம்மாவுக்கு பசால்ட் பின்சீட்டு, பொண்ணுக்கு கர்வ், வீட்டுக்காரம்மா ஓட்டிப் பாத்துட்டு கர்வ் தான்னு கையெழுத்தே போட்டுட்டாங்களாம், எர்டிகான்னு ஒத்தக் கால்ல நின்னவங்க! அவங்க சொன்ன காரணம் வேற, டிரைவர் சீட் உயரமா இருக்கு, பானட் தெரியுது, பின்கண்ணாடி சின்னதா இருந்தாலும் கேமரா இருக்கு. இத்தனை மாசமா பின்சீட்டைப் பத்தியே எழுதினேன், ஓட்டப் போறது அவங்கதான்னு தம்பி ஒரு வார்த்தை சொல்லல.

ப்யூர் ப்ளஸ் பெட்ரோல், பட்ஜெட் கொஞ்சம் எகிறும், சமாளிச்சுக்கறேன்கிறார். அம்மா முன்சீட்ல உக்காருவாங்களாம், அவர் பின்னாடி.

தம்பிக்கு ஒண்ணு மட்டும். தை மாசம் டெலிவரின்னு அவசரப்பட்டு, யார்டுல நிக்குற 2024 வண்டியைத் தலையில கட்ட விடாதே. வண்டிக்கு கம்பெனி தர்ற ஃபார்ம் 22 சான்றிதழ்ல தயாரிச்ச மாசமும் வருஷமும் இருக்கும், பணம் முழுசா கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிப் பாரு. 2024 வண்டிதான்னா அதுக்கு ஏத்த தள்ளுபடி கேளு, அஞ்சாயிரம் பத்தாயிரத்துக்கும் ஃப்ரீ சீட் கவருக்கும் ஒத்துக்காதே, நல்ல தொகை தரலன்னா இந்த வருஷ வண்டி வர்ற வரைக்கும் காத்திரு. விக்கும்போது ஒரு வருஷம் பழசுன்னு அவனே உன்கிட்ட விலையைக் குறைப்பான்.